பழைய கோழிகளோடு புதுக் கோழி சேர்ப்பது எப்படி?



நம் லயங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் ஐந்து கோழி இருந்தது. ஒன்றைக் கீரி கொண்டுபோய்விட்டது. ஒன்று வயசாகி முட்டை நிறுத்திவிட்டது. "சரி, சம்பளம் போட்டதும் இன்னும் ரெண்டு பெட்டை வாங்கிடுவோம்" என்று ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய், காலைக் கட்டி, பையில் போட்டு, பஸ்சில் கொண்டுவந்து, அந்திக்கு மற்றக் கோழிகளோடு கூட்டுக்குள் விட்டுவிடுகிறோம். மறுநாள் மலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், புதுக் கோழி தலையில் ரத்தத்தோடு கூட்டு மூலையில் ஒடுங்கி நிற்கிறது.

மாதர் கூட்டங்களில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான்: "ஐயா, பழசு எல்லாம் சேர்ந்து புதுசைக் கொத்துது. என்ன செய்யிறது?"

அதற்கு வழி இருக்கிறது. கீழே விவரமாக எழுதுகிறேன். ஆனால் கொத்துகிற கதைக்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கொத்து வாங்கிய கோழி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். புதுக் கோழியோடு சீக்கு வந்துவிட்டால் ஒரு லயமே வெறுமையாகிவிடும். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு நான் எழுதவில்லை.

என் கையால் நடந்த தவறு

2011ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். பன்னிரண்டு வீடுள்ள ஒரு லயத்துக்கு, வீட்டுக்கு மூன்று வீதம் 36 வளர்ந்த பெட்டைக் கோழிகள் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு வியாபாரி லொறியில் கொண்டுவந்து இறக்கினார். நல்ல சிவப்புக் கோழிகள். கொண்டை சிவந்து, இறகு பளபளவென்று இருந்தன. படம் எடுத்தோம், கைதட்டினோம். அன்று மாலையே எல்லாரும் தங்கள் பழைய கோழிகளோடு அவற்றை விட்டார்கள். கொஞ்ச நாள் தனியாக வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் ஒரு வீட்டில் ஒரு கோழி செத்தது. ஆறாம் நாள் நாலு வீட்டில். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, ராணிக்கெட் என்றார். இரண்டு கிழமைக்குள் பழசும் புதுசுமாக எண்பதுக்கு மேல் போய், பதினொரு கோழி மிஞ்சியது.

லயத்தின் கடைசி வீட்டில் இருந்த அக்கா ஒருவர் ஒன்பது ஊர்க்கோழி வைத்திருந்தார். முட்டையை டவுன் கடைக்குக் கொடுத்து, அந்தக் காசில்தான் மகளைச் சாதாரண தரப் பரீட்சைக்கு டியூஷன் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்பதும் போய்விட்டது. குழி வெட்டிப் புதைக்க நானும் போனேன். அவர் ஏசவில்லை. "நீங்க குடுத்த மூணை வாங்காம இருந்திருந்தா என்னோட ஒன்பது இருந்திருக்கும், இல்லைங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அந்த 36 கோழிகளையும் மூன்று கிழமை ஓரிடத்தில் தனியாக வைத்திருந்தால் சீக்கு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். லயத்துக் கோழிகள் தப்பியிருக்கும். இந்தப் பாடத்தை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

21 நாள் தனியாக

முட்டையை அடை வைத்தால் குஞ்சு பொரிக்க 21 நாள் பொறுத்திருக்கிறோம். புதுக் கோழிக்கும் அதே 21 நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ராணிக்கெட் கிருமி கோழிக்குள் போனால் சாதாரணமாக ஐந்து ஆறு நாளில் வெளியே தெரியும். சில வேளை அதற்கு மேலும் இழுக்கும். அந்தக் காலக்கெடுவாக மிருக வைத்தியர்கள் வைத்திருப்பதும் 21 நாள்தான். வாங்கிய தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். அங்கிருந்து எண்ணுவது பிள்ளைகளின் வேலை.

ராணிக்கெட் என்பது வட இந்தியாவில் இமயமலைப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1920களின் கடைசியில் அங்கே இந்தச் சீக்கு கண்டறியப்பட்டதால் நம் பக்கத்தில் அந்தப் பெயர் நிலைத்தது. 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துப் பக்கமும் வந்தபடியால் புத்தகங்களில் நியூகாசில் நோய் என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதான். இது வைரசால் வருவது. வந்த பிறகு மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கோழிக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பலனும் இல்லை. தயவு செய்து செய்யாதீர்கள்.

"தனியாக வைக்க எங்கே இடம் ஐயா? காம்பராவே பத்தடி பன்னிரண்டடி" என்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய கூடு வேண்டியதில்லை. இரண்டு மூன்று கோழிக்கு நாலடி நீளம் மூன்றடி அகலம் போதும். நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, அடியில் ரீப்பை அடித்து, எச்சம் கீழே விழும்படி விடுங்கள். மேலே ஒரு பழைய தகரம். பக்கத்துக்குக் கம்பி வலை. கூதல் காற்று வரும் பக்கத்தை மட்டும் உரச் சாக்கால் மூடுங்கள், ஆனால் முழுவதும் மூடிவிட வேண்டாம். காற்றில்லாத கூட்டில் கோழிக்குச் சளி பிடிக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் தேவை. நம் லயங்கள் சரிவில் இருக்கின்றன. புதுக் கூடு பழைய கூட்டுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். மேலே வைத்தால் மழை பெய்தவுடன் எச்சம் எல்லாம் கானு வழியாகப் பழைய கோழிகள் கிளறும் இடத்துக்கே வந்து சேரும். வீட்டின் ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்று வைக்க முடிந்தால் நல்லது. அதுவும் முடியாவிட்டால், கோழி வளர்க்காத ஒரு சொந்தக்காரர் வீட்டில் மூன்று கிழமைக்கு வைத்துக் கேளுங்கள். முட்டையை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

சீக்கைக் கொண்டுபோகும் வாகனம் நம் கையும் காலும்தான். ஆகவே காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தீனும் தண்ணீரும் வையுங்கள். அதற்குப் பிறகுதான் புதுக் கோழியிடம் போக வேண்டும். திரும்பி வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். புதுக் கூட்டுப் பக்கம் போவதற்கென்று ஒரு பழைய செருப்பு. தண்ணீர்ச் சட்டி, தீன் சட்டி எல்லாம் வேறு வேறு. இந்தச் சட்டியை அங்கே கொண்டுபோய்க் கழுவி இங்கே வைத்தால் தனியாக வைத்ததில் பிரயோசனம் இல்லை.

அந்த 21 நாளும் என்ன பார்க்க வேண்டும்? காலையில் எச்சத்தைப் பாருங்கள். தண்ணீராக, பச்சையாக, ரத்தமாக இருக்கிறதா? இரவில் எல்லாம் அடங்கிய பிறகு கூட்டுப் பக்கம் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று மூச்சுச் சத்தம் வந்தால் சளி இருக்கிறது. கண் நுரைத்திருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, கொண்டையில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இறகைத் தூக்கி இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேன் இருந்தால் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு பெட்டியில் வையுங்கள், கோழி தானே புரண்டுகொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மிருக வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்கவே கூடாது. கோழியும் கெடும், முட்டை சாப்பிடும் பிள்ளையும் கெடும்.

சாட்சிக் கோழி

இன்னொரு விஷயம். சில சீக்குகள் 21 நாளில் முகம் காட்டாது. முன்பு எப்போதோ சளி வந்து பிழைத்த கோழி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. மூன்றாவது கிழமையில் உங்கள் பழைய கோழிகளில் சாதுவான ஒன்றைப் பிடித்துப் புதுக் கோழிகளோடு விடுங்கள். அதற்குச் சாட்சிக் கோழி என்று பெயர் வைத்திருக்கிறேன். அது ஒரு கிழமை தும்மாமல், கழியாமல் நின்றால் ஓரளவு மனதுக்கு நிம்மதி. அதற்குச் சீக்கு வந்தால் ஒரு கோழியோடு போகும். கல்மனசு என்று என்னை நினைக்க வேண்டாம். எண்பது கோழிக்குக் குழி வெட்டியவனுக்கு ஒரு கோழி பெரிதில்லை.

இதில் மறுபக்கமும் உண்டு. சீக்கு புதுசிலிருந்து பழசுக்கு மட்டும் வருவதில்லை. ரத்தக் கழிச்சல் கிருமி பழைய கோழிகளின் எச்சத்தில் இருக்கும். வளர்ந்த கோழிக்கு அது பழகிப்போனது, ஒன்றும் செய்யாது. புதிதாக வரும் இளம் குஞ்சைத்தான் பிடிக்கும். நம் மலைநாட்டு ஈரத்தில் அது வேகமாகப் பெருகும். ஆகவே புதுக் கோழியைச் சேர்ப்பதற்கு முன் பழைய கூட்டின் எச்சத்தைச் சுரண்டி அள்ளி, தரைக்குக் காய்ந்த மரத்தூளோ உமியோ போடுங்கள். அள்ளிய எச்சத்தைக் குப்பைக் குழியில் மக்க விட்டால் கோவாவுக்கும் லீக்சுக்கும் நல்ல உரம்.

தடுப்பூசி

ராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள அரச மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கோழித் தடுப்பு மருந்துகள் தயாராகின்றன. உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டால் எப்போது, எப்படிப் போடுவது என்று சொல்வார்கள். புதுக் கோழி வந்த கிழமையிலேயே போட்டால், 21 நாள் முடிவதற்குள் அதற்குச் சக்தி வந்துவிடும். ஆனால் சோர்ந்து நிற்கிற கோழிக்குப் போடக்கூடாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் போடக்கூடியது. குளிரில் வைக்க வேண்டும். கலக்கினால் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நாலு கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் லயத்தில் எல்லாரும் பேர் கொடுத்து ஒரே நாளில் போட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு வீடு விலகி நின்றாலும் நட்டம் மற்ற வீட்டுக்கும்தான். நம் கோழிகளுக்கு வேலி கிடையாது. ஒரு வீட்டு இஸ்தோப்பில் தின்று, அடுத்த வீட்டுக் கானில் தண்ணீர் குடித்து, மூன்றாவது வீட்டுக் கொல்லையில் முட்டையிடுகின்றன.

தீபாவளிச் சேவல்

தீபாவளி முற்பணம் கிடைத்ததும் கறிக்குச் சேவல் வாங்குவோம். பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும். அந்த நாலு நாளும் அதை எங்கே கட்டுவது? பழைய கோழிகளோடுதான். "நாலு நாள்ல அடிக்கப் போறதுதானே" என்று நினைக்கிறோம். சேவல் சட்டிக்குள் போய்விடும். அது விட்டுப்போன சீக்கு வீட்டில் தங்கிவிடும். பண்டிகைச் சேவலையும், கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வாங்கிய கோழியையும்கூடத் தள்ளியே கட்டுங்கள். சாமி கோபிக்காது.

சந்தையில் ஏன் கோழி மலிவாகக் கிடைக்கிறது என்றும் யோசிக்க வேண்டும். சிலர் முட்டை நின்றதால் விற்பார்கள். சிலர் பக்கத்து வீட்டுக் கோழி சாகத் தொடங்கியதும், நம்முடையதும் சாவதற்குள் விற்றுவிடுவோம் என்று விற்பார்கள். நம் வீட்டில் சீக்கு வந்தால் நாமும் அதைச் செய்யக் கூடாது. செத்த கோழியைப் பீலிப் பக்கமோ ஆற்றிலோ எறியாமல், மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய் தோண்டாதபடி மேலே கல் வையுங்கள்.

ஏன் கொத்துகின்றன?

இப்போது சண்டைக்கு வருவோம். மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை இருக்கிறது. புதிதாகப் பேர் பதிந்து வந்த ஒரு தங்கச்சி போய்ப் பழைய ஆளின் நிரையில் நின்று கொழுந்து எடுத்தால் அந்த அம்மா சும்மா இருப்பாரா? கோழிக்கும் நிரை உண்டு. கூட்டத்தில் முதலில் தின்பது எது, இரவில் மேல் கொம்பில் உட்காருவது எது, யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப்-எபே என்பவர் சிறு பையனாக இருந்தபோதே கோழிகளைக் கூர்ந்து பார்த்து வந்தார். அவர்தான் 1921ஆம் ஆண்டில் இந்தக் கொத்து வரிசையைப் பற்றி எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். நம் பாட்டிமாருக்கும் இது தெரியும், அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

புதுக் கோழி வந்ததும் அந்த வரிசை முழுவதும் குழம்பிவிடுகிறது. அதன் இடம் எது என்று தீரும்வரை கொத்து நடக்கும். கொத்தே இல்லாமல் செய்ய முடியாது. ரத்தம் வராமல் தீர வைப்பதுதான் நம் வேலை.

21 நாள் முடிந்த பிறகு நாலாவது கிழமை இதற்குத்தான். புதுக் கூட்டைப் பழைய கூட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி, நடுவில் கம்பி வலை மட்டும் இருக்கும்படி வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று தின்னட்டும். முதல் இரண்டு நாள் வலையில் வந்து மோதும். பிறகு அலுத்துவிடும்.

நான் சொன்னேனே, ஒன்பது கோழி பறிகொடுத்த அக்கா, அவர் 2012இல் மறுபடி இரண்டு கோழி வாங்கினார். நான் சொன்னபடி 21 நாள் வைத்தார். வலை வைத்த கிழமையில் நான் சொல்லாத ஒன்றை அவரே செய்திருந்தார். ஒரு கோவா மூட்டின் வெளி இலைகளைக் கட்டி, வலை ஓரத்தில் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். பழசும் புதுசும் அந்த இலையைக் கொத்துவதில் நேரத்தைப் போக்கின. "வாய்க்கு வேலை குடுத்தா வம்புக்கு நேரம் இருக்காதுங்க ஐயா" என்றார். அன்றிலிருந்து எல்லா லயத்திலும் அதைச் சொல்லி வருகிறேன்.

சனிக்கிழமை இரவு

சேர்க்கும் நாளாகச் சனிக்கிழமை இரவை வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. எல்லாம் கொம்பில் அடங்கிய பிறகு, புதுக் கோழிகளைச் சத்தமில்லாமல் தூக்கி அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம் இடம் வேண்டும். இடம் பற்றாவிட்டால் முன்கூட்டியே இன்னொரு கொம்பு கட்டுங்கள். இரவில் சேர்த்துவிட்டால் காலையில் சண்டையே வராது என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. விடிந்ததும் கொஞ்சம் நடக்கும். ஆனால் விடிவது ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஆள் இருக்கும். வேலை நாளில் சேர்த்துவிட்டு மலைக்குப் போனால் பார்க்க யாரும் இல்லை.

மழை கொட்டுகிற கிழமையில் செய்ய வேண்டாம். மழையில் எல்லாக் கோழியும் கூட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும், தோற்ற கோழிக்கு ஓட வழி இருக்காது. வெயில் பார்த்து ஒரு கிழமை தள்ளிப் போட்டால் குறைந்துவிடாது.

தீனை ஒரே சட்டியில் வைக்காமல் மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். தண்ணீரும் அப்படியே. ஒரு வல்லரசிக் கோழி ஒரு சட்டியைக் காவல் காக்கலாம், மூன்றையும் காக்க முடியாது. கவ்வாத்து மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவந்த மிலாறு வீட்டில் இருக்கும் அல்லவா? இரண்டு மூன்று கட்டு மிலாறை முற்றத்தில் சாய்த்து வையுங்கள். துரத்தப்பட்ட கோழி அதற்குப் பின்னால் போய்த் தலையை மறைத்துக்கொள்ளும். கண்ணில் படாவிட்டால் துரத்தியது மறந்துவிடும்.

எது சாதாரணம், எது ஆபத்து? தலையில் ஒன்றிரண்டு கொத்து, கொஞ்ச தூரம் துரத்தல், ஓர் இறகு பிடுங்கல், இதெல்லாம் இருக்கும். தலையிட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் விலக்கிவிட்டால் வரிசை தீராது. ரத்தம் கண்டால் உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் சாதுக் கோழியும் கொத்தும். காயத்தை உப்புத் தண்ணீரால் கழுவி மஞ்சள் பூசி, ஆறும்வரை வலைக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

அந்திக்கு ஒரு பரீட்சை. கோழி அடங்கியதும் புதுக் கோழியின் நெஞ்சுப் பக்கம் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக நிறைந்திருந்தால் தின்றிருக்கிறது, பயமில்லை. தொங்கிப்போய் வெறுமையாக இருந்தால் பகல் முழுவதும் தீன் பக்கம் விடவில்லை என்று அர்த்தம். மலைக்குப் போய் வரும் தாய்மாருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பகலில் நடந்ததை இரவில் கை சொல்லிவிடும்.

ஒரு கோழி மட்டும் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தால், கொத்து வாங்குவதைப் பிரிக்காதீர்கள், கொத்துகிறதைப் பிரியுங்கள். அதை மூன்று நாலு நாள் கண்ணில் படாத இடத்தில் வைத்துத் திரும்ப விட்டால், இப்போது அதுதான் புது ஆள். கொட்டம் அடங்கியிருக்கும்.

இன்னும் சில

புதிதாக ஒற்றைக் கோழி வாங்காதீர்கள். இரண்டு மூன்றாக வாங்கினால் கொத்து பங்காகும். உடம்பிலும் பழைய கோழி அளவுக்கு இருக்க வேண்டும். நாலு மாதம் ஆகாத குஞ்சுக் கோழியைப் பெரிய கோழிகளோடு விட்டால் அடி தாங்காது. அதோடு முட்டைக் கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயசு கலந்த கூட்டத்துக்கு வளரும் கோழித் தீனையே எல்லாவற்றுக்கும் போட்டு, முட்டை ஓட்டை நன்றாக வறுத்து இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய கோழி தின்னும்.

பண்ணைகளில் முட்டைக் காலம் முடிந்த சிவப்புக் கோழிகள் மலிவாக வரும். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அவை பெரும்பாலும் சொண்டு வெட்டப்பட்டவை, பல கம்பிக் கூட்டிலேயே வளர்ந்தவை. ஊர்க்கோழி கொத்தினால் திருப்பிக் கொத்தத் தெரியாது, கொம்பில் ஏறவும் தெரியாது. அவற்றுக்கு வலைக் கிழமையை இரண்டு கிழமையாக வையுங்கள்.

அடைக் கோழிக்குக் குஞ்சு வாங்கி வைப்பது வேறு கணக்கு. ஒன்றிரண்டு நாள் குஞ்சாக இருந்தால் இரவில் மெதுவாகத் தாயின் வயிற்றுக்கு அடியில் வைக்கலாம். காலையில் தன் குஞ்சு என்று ஏற்றுக்கொள்ளும். அந்த ஒன்றுக்கு மட்டும் 21 நாள் பொறுக்க முடியாது. ஆகவே தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து மற்றக் கோழிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

புதுக் கோழி இரண்டு மூன்று கிழமை முட்டையிடாமல் இருக்கும், பழையதும் குறைக்கும். ஏமாற்றிவிட்டான் என்று வியாபாரியை ஏசிக்கொண்டு கோழியை அடித்துத் தின்றுவிடாதீர்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவு புரதம் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் பிள்ளை மடுவத்துக்குப் போகும் சின்னதுக்கும் அது தேவை.

அடுத்த மாதர் கூட்டத்தில் பேச

உங்கள் லயத்தில் கடைசியாகக் கோழிச் சீக்கு வந்தபோது, அதற்கு முந்திய மூன்று கிழமைக்குள் எந்த வீட்டுக்குப் புதுக் கோழி வந்தது? குறை சொல்வதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. புதுக் கோழியை வைக்க லயத்துக்குப் பொதுவாக ஒரு கூடு கட்டினால் எந்த இடத்தில் கட்டலாம், கானு எந்தப் பக்கம் ஓடுகிறது? தடுப்பூசிக்கு எத்தனை வீட்டில் எத்தனை கோழி என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது என்னிடம் கொடுங்கள்.